சட்டம் மாறும்போது நாம் எங்கே நிற்கிறோம்?

(வெள்ளி விழா இளைஞர் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மாறிவரும் சட்டதிட்டங்களில் தொழில் வாய்ப்புகளைக் கண்டறிவது எவ்வாறு என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களிற் சிலர் எண்ணலாம். எண்ணுவது நியாயமே. நாம் வாழ்நாளில் ஒரு ரூபாய்க்குக்கூட வாணிகம் செய்ததில்லை. ஆயினும், தோல்ஷாப்பின் சுண்ணாம்புக் குழியருகே முப்பது ஆண்டுகள் நின்ற ஒருவரின் பிள்ளையாகப் பிறந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாலாற்றங்கரையிலேயே வாழ்ந்து வருகிறோம். இந்த ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், பேரணாம்பட்டிலும், மேல்விஷாரத்திலும் யார் எழுந்தனர், யார் விழுந்தனர் என்பதைப் பார்த்து வந்திருக்கிறோம். பார்த்ததைத்தான் சொல்லப் போகிறோம்.

தோல் தொழிலின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். அரசாங்கம் ஒரு விதியை மாற்றும்போதெல்லாம் இத்தொழிலின் முகமே மாறியிருக்கிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட நம் தோல், முதல் உலகப் போரிலே இராணுவத்தாரின் பூட்சுகளுக்குப் பயன்பட்டது. போர் முடிந்தபின் 1919இல், பதனிடாத பச்சைத் தோல் ஏற்றுமதியின்மீது அன்றைய அரசு 15 விழுக்காடு வரி விதித்தது. பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதிற் பெரும்பகுதி தள்ளுபடியும் தந்தது. அதெல்லாம் பாட்டன் காலத்துக் கதை. நமக்கு நேராகப் பட்ட கதை 1970களில் தொடங்குகிறது.

அதுவரை நம் பகுதி பெரும்பாலும் அரைப்பதனத் தோலையே கப்பலேற்றிக்கொண்டிருந்தது. இங்கே நாறுகிற வேலை, அங்கே மினுக்குகிற வேலை! ஐரோப்பியர் அதனைச் செம்மை செய்து, காலணியாக்கிப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். 1972இல் டாக்டர் சீதாராமையா தலைமையிலான குழு இந்நிலையை ஆராய்ந்தது. அதன் பரிந்துரையை ஒட்டிப் பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அரைப்பதனத் தோலுக்குக் கோட்டா முறை வந்தது. முழுப்பதனத் தோலும் காலணியும் தோற்பொருள்களுமே போகவேண்டும் என்பது கொள்கையாயிற்று. 1979இல் கவுல் குழுவும், 1985இல் பாண்டே குழுவும் அதே திசையில் மேலும் தள்ளின.

அந்நாளில் தொழிலே அழிந்துவிடும் என்று அஞ்சியவர் பலர். கோட்டாவை எதிர்த்து முறையிட்டவர் பலர். ஒரு சிலர் மாத்திரம் வேறு கேள்வியைக் கேட்டனர்: "அரைத் தோல் போகக்கூடாதென்றால், எது போகலாம்?" இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இயந்திரம் தருவித்தனர், முதலில் முழுப்பதனத் தோல், பின்பு ஷூவின் மேற்பகுதியாகிய அப்பர், அதற்கும் பின்பு முழு ஷூ என்று படிப்படியாக ஏறினர். ஆம்பூர் காலணிப் பட்டணமாக ஆன விதம் இதுதான்.

நம்மவர் அப்போது எங்கிருந்தனர்? குழியில் இருந்தனர். பின்னர் அப்பர் கம்பெனிகள் பெருகியபோது நம் அக்காமாரும் தங்கைமாரும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். இதைச் சிறிதென்று நாம் கருதவில்லை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்காகக் காலனி முனையிலே வரிசையில் நிற்கும் பெண்கள் கொண்டுவந்த சம்பளத்தில்தான் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளிற் பாதிப்பேர் படித்தீர்கள். ஆனாலும், இயந்திரத்தின் முன் அமர்ந்தோமேயன்றி இயந்திரத்தை உடையவராக ஆனோமில்லை. ஏன்?

செய்தி தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பாதி உண்மையே. மற்றப் பாதி யாதெனில், செய்தி தெரிந்திருந்தாலும் முதல் இல்லை. முதல் கேட்டு வங்கிக்குப் போனால் ஈடு காட்டப் பட்டா இல்லை. பட்டா இருந்தாலும் நம் சரக்கை வாங்குவோமென்று கைகொடுக்கும் உறவு மண்டித் தெருவில் இல்லை. வாணிகம் நம்பிக்கையில் நடப்பது. நம்பிக்கையோ நம் நாட்டிலே சாதியின் எல்லைக்குள் சுற்றுவது. இந்த உண்மையை மறைத்துவிட்டு, "முயன்றால் முடியாதது உண்டோ" என்று இளைஞர்களுக்குப் பேசுவது பொய்யுரையாகும். அந்தப் பொய்யை இந்த மேடையில் நாம் சொல்லமாட்டோம்.

இரண்டாவது மாற்றம் 1996இல் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் மண்டலத்தில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. தூய்மை கெடுத்தவரே அதற்குரிய செலவைத் தரவேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30ஆம் நாளுக்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு வழி செய்யாத ஆலைகளுக்குப் பூட்டு.

எமக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலை செய்த தோல்ஷாப்பில் பூட்டுத் தொங்கியதைக் கண்டு தந்தையார் திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. முப்பதாண்டு உழைப்புக்குரிய பணிக்கொடை அவருக்குக் கிடைக்கவில்லை. பதிவேட்டிலேயே பெயர் இல்லையென்று கைவிரித்தார்கள். தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்துக் காட்டியபோது, "கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு நாங்க இருபது வருஷமா சொன்னோமே, அதைத்தானே இப்ப சொல்றாங்க" என்றார். ஊரின் நீர் கெட்டதை முதலில் நாவினால் அறிந்தவர் நம் சேரியினர். அத்தீர்ப்பால் முதலில் வேலை இழந்தவரும் நாமே.

அத்தீர்ப்பு தவறென்று எவரேனும் சொன்னால் அதை நாம் ஒப்போம். 2025 ஜனவரி 30ஆம் நாளும் உச்சநீதிமன்றம் பாலாற்று மாசு பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் கட்டளையிட்டிருக்கிறது. முப்பது ஆண்டு கழிந்தும் தீராத வழக்கு அது. இங்கே நாம் சொல்லவந்தது வேறு. அந்தத் தீர்ப்பின் மறுநாளே ஒரு புதிய தொழில் பிறந்துவிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டவேண்டும், குழாய் பதிக்கவேண்டும், பம்பு பழுது பார்க்கவேண்டும், நீரைச் சோதித்துச் சான்று தரவேண்டும், கசடை லாரியில் ஏற்றவேண்டும். பின்னாளில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாதென்ற விதி வந்தபோது, சவ்வூடு வடிகட்டும் ஆலையும் உப்புநீரை ஆவியாக்கும் கொதிகலனும் வந்தன. இவை அனைத்திலும் ஒப்பந்தக்காரர் உண்டு. அவருக்குக் கீழே ஆட்கள் உண்டு. நாம் ஆட்களானோம்.

இங்கே சற்று நின்று ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 2015 ஜனவரி 31ஆம் நாள் அதிகாலை, இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்திலே கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், இரவிலே உறங்கிக்கொண்டிருந்தவர். அவர்கள் இல்லாவிட்டால் அவ்விடத்தில் நம் பிள்ளைகளே உறங்கியிருப்பார்கள். கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் தொட்டியில் விஷவாயு தாக்கி இறந்தோரின் செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே, சுத்திகரிப்புத் தொழிலில் வாய்ப்பு இருக்கிறதென்று நாம் சொல்லும்போது, தொட்டியில் இறங்கும் வாய்ப்பைச் சொல்லவில்லை. அந்தத் தடையினால் எந்த இயந்திரத்துக்குத் தேவை எழுந்ததோ, அந்த இயந்திரத்தை உடைமையாக்கிக்கொள்ளும் வாய்ப்பைச் சொல்லுகிறோம்.

இது வெறும் ஆசையன்று. 2024 டிசம்பரில் சென்னைக் குடிநீர் வாரியம் கழிவுநீர்க் குழாய் சுத்தம் செய்யும் வாகனங்களைத் தூய்மைப் பணியாளர்களுக்கும், பணியில் இறந்தோரின் குடும்பத்தார்க்குமே உரிமையாக்கி, அவர்களோடே பணி ஒப்பந்தமும் செய்துகொண்டது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் அவ்வாறு தொழில்முனைவோர் ஆயினர். கடனுக்கும் மானியத்துக்கும் பயன்பட்டது 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். வட்டியில் 6 விழுக்காடு அரசு ஏற்கும். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம். சென்னையில் ஆனது ஆம்பூரில் ஏன் ஆகக்கூடாது? பேரணாம்பட்டில் ஏன் ஆகக்கூடாது? நகராட்சிகளிடமும் சுத்திகரிப்பு நிலையங்களிடமும் இதைக் கேட்பதற்கு நம் சங்கத்திலிருந்து ஒரு மனுவேனும் இதுவரை போயிருக்கிறதா? செயலாளர் எம்மைப் பொறுத்தருள்வாராக.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். வெளிநாட்டு விதிகளும் நம் தெருவை ஆளுகின்றன. ஜெர்மனி 1989இல் பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லியைத் தடுத்தபோது, அது படிந்த நம் தோலுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. பின்னர்ச் சில அசோ சாயங்கள் தடுக்கப்பட்டன. 2015 மே மாதம் முதல், உடலிற் படும் தோற்பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக்கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்துவிட்டது. பெரிய முதலாளிகளுக்கு இது தலைவலி. பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருக்கும் நம் பிள்ளைக்கு இது என்ன? ஒவ்வொரு பீப்பாயிலும் எந்த இரசாயனம், எந்த நாளில், எவ்வளவு போயிற்று என்று பதிவேடு எழுதவேண்டும். மாதிரியை முறைப்படி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பவேண்டும். தணிக்கைக்கு வருவோர்க்குத் தாள்களைக் காட்டவேண்டும். சிறு தோல்ஷாப்புகள் இதற்கென்று தனி ஆள் வைக்க இயலாதவை. பத்து ஷாப்புகளுக்கு ஒருவர் இருந்து இதைச் செய்து கொடுக்கலாம். ஒரு கணிப்பொறியும், அடையாற்றில் 1948 முதல் விளங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற் பெறும் குறுகிய காலப் பயிற்சியும் இதற்குப் போதிய முதல். மாடும் வேண்டாம், குழியும் வேண்டாம்.

எம் பழைய மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறோம். பெயரைச் சொன்னால் அவர் கூச்சப்படுவார். பத்தாம் வகுப்பில் தவறியவர். அப்பர் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவர், இரண்டு பழைய இயந்திரங்களை வாங்கி வீட்டுத் தாழ்வாரத்திலே போட்டு ஜாப் ஒர்க் எடுத்தார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அண்டை அயலில் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தவர்கள், "இந்தத் தொல்லை நமக்கெதற்கு" என்று ஒதுங்கினர். இவர் ஒரு கணக்கரிடம் போய், சலான் எழுதுவது எப்படி, அனுப்பிய தோல் ஓராண்டுக்குள் கம்பெனிக்குத் திரும்பவேண்டும் என்னும் விதி யாது என்று நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொண்டார். தாள் சரியாக இருப்பவரிடம் வேலை கொடுப்பதையே கம்பெனிக்காரர்கள் விரும்பினர். இன்று அவரிடம் பதினெட்டு இயந்திரங்கள். தையலில் அவரைவிடக் கைத்திறம் மிக்கவர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர் வென்றது சலானில்.

இதே வாயால் எம் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். அம்மாணவர் முதலில் யோசனை கேட்டு வந்தது எம்மிடம்தான். "தோலை விட்டு ஓடத்தான் உன்னைப் படிக்க வைத்தோம், மறுபடியும் தோலுக்கா போகிறாய்? குரூப்-4 எழுது" என்று கடிந்தோம். தோலென்றால் இழிவு என்று ஊரார் நம்மேல் ஒட்டிய சொல்லை நாமும் உள்ளே ஏற்றுக்கொண்டிருந்தோம் போலும். இழிவைச் சுமத்தும் வேலையை விடவேண்டும் என்பதில் ஐயமில்லை. 1927இல் மகாடிலே அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியை உண்ணாதீர் என்று நம்மவரைக் கேட்டுக்கொண்டதும் தன்மானத்தின் பொருட்டே. ஆனால் பிறர் குழியிற் கூலிக்கு நிற்பதும், தன் பெயர்ப்பலகையின் கீழ் அமர்ந்து கணக்கெழுதுவதும் ஒன்றாகுமா? பையன் எம் சொல்லைக் கேளாமற் போனது நல்லதாயிற்று.

சந்தையும் மாறுகிறது. தோலல்லாத காலணிகளை உலகம் மிகுதியாக வாங்கத் தொடங்கிவிட்டது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு காலணி, தோற்பொருள் கொள்கையை வெளியிட்டது. இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவான் நாட்டு ஹாங் ஃபூ குழுமத்தின் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினர். அங்கே பல்லாயிரம் பேருக்கு வேலை என்கிறார்கள். வேலைக்குப் போகிறவர் போகட்டும். நாம் கேட்பது, அத்தனை பேருக்குச் சாப்பாடு, பஸ், விடுதி, சீருடை, அட்டைப்பெட்டி, இயந்திரப் பழுது ஆகியவற்றைத் தரப்போகிறவர் யார் என்பதே. 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் வெட் ப்ளூ தோலுக்கு இறக்குமதி வரியும், கிரஸ்ட் தோலுக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரியும் நீக்கப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு ஆயிற்று. உள்ளூர்ச் சந்தைக்குச் செருப்பு செய்கிறவர்க்கு இது பெரிய செய்தி. நம்மூர்த் தேநீர்க் கடையில் அன்று இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சினிமாவைப் பற்றிப் பேசினார்கள்.

ஆனால், செய்தி கேட்டவுடன் கடன் வாங்கிக் குதிப்பதும் பேதைமை. காலணிக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வந்தது. பலமுறை தள்ளிவைத்து, 2024 ஆகஸ்டில் புதிய ஆணையாக நடைமுறைக்கு வந்தது. சிறு, குறு உற்பத்தியாளர்க்கு இடையிலே தனித்தனிக் கெடுக்கள் கொடுத்தார்கள். முதல் அறிவிப்பை நம்பி இயந்திரம் வாங்கினவர் வட்டி கட்டியே தளர்ந்திருப்பார். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டமும் அவ்வாறே தள்ளிவைக்கப்பட்டது. வரைவு வந்ததும் படிக்கவேண்டும், கற்றுக்கொள்ளவேண்டும், விசாரிக்கவேண்டும். பணத்தை மட்டும் கடைசியில் இறக்கவேண்டும். 2025 ஜூலை 24இல் இங்கிலாந்தோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகித் தோற்பொருளுக்கு வரிவிலக்கு வருமென்று நம் பகுதியார் மகிழ்ந்தனர். அடுத்த மாதமே அமெரிக்கா இந்தியச் சரக்கின்மீது வரியை 50 விழுக்காடாக உயர்த்தி விட்டது. ஒரே நாட்டுக்கு மட்டும் தைத்துக்கொண்டிருந்தவர் பாடு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. இதை அழுத்திச் சொல்லுகிறோம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாம் வாங்குவதில் 4 விழுக்காட்டைப் பட்டியலினத்தார், பழங்குடியினர் நடத்தும் சிறு, குறுந்தொழில்களிடம் வாங்கவேண்டும் என்று 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை கூறுகிறது. 2016இல் ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டம் வந்து, 10 இலட்சம் முதல் 1 கோடி வரை கடன் என்றது. இவை வந்ததும் நம் தெருவுக்கு மோட்டார் வண்டியில் சில பெரிய மனிதர்கள் வரத் தொடங்கினர். "தம்பி, உன் சாதிச் சான்றிதழைக் கொடு, கையெழுத்துப் போடு, மாதம் ஐயாயிரம் வீட்டுக்கு வரும்" என்பார்கள். எமக்குத் தெரிந்த பையன் ஒருவன் போட்டான். ஏழு மாதம் பணம் வந்தது. எட்டாம் மாதம் வங்கியிலிருந்து ஆள் வந்தார். கடன் அவன் பெயரில். தொழில் எவர் பெயரிலோ! இன்றுவரை அவனுக்கு நகைக்கடன்கூடக் கிடைக்கவில்லை. நம் முன்னோர் பட்டபாட்டால் கிடைத்த சான்றிதழ் அது. பினாமிக்கு வாடகைக்கு விடாதீர்கள்.

நேரம் ஆகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். செய்யவேண்டியதைச் சொல்லி அமர்கிறோம். அடுத்த ஞாயிறு முதல் காலை பத்து மணிக்கு இந்தக் கட்டடத்தின் மாடியறை திறந்திருக்கும். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவரும், சலான் கற்ற அந்த மாணவரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றனர். அந்த வாரத்துச் செய்தித்தாள்களில் தோல், காலணி, வரி, சுற்றுச்சூழல் பற்றி வந்தவற்றை வெட்டி ஒட்டும் வேலையை மேல்நிலை மாணவர்கள் செய்வார்கள். மத்திய, மாநில அரசிதழ்களில் வரும் வரைவுகளை நாம் படித்துத் தமிழிற் சொல்லுவோம். வருகிறவர்கள் சாதிச் சான்றிதழ், வீட்டு மனைப் பட்டா அல்லது பட்டா கேட்டுக் கொடுத்த மனுவின் நகல், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பட்டா இல்லாதவர்களின் பெயரைத் தனியே எழுதி வட்டாட்சியரிடம் ஒன்றாகப் போவதாகத் தீர்மானித்திருக்கிறோம். கம்பெனியில் தைக்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்க வேண்டியிருக்கும் என்பதை அறிவோம். அவர்களுக்காக மாலை நான்கு மணிக்கு மற்றொரு முறையும் அறை திறக்கப்படும். குழந்தைகளையும் அழைத்து வரலாம்.